லாவ் மைக் கேபிள் அசைஞ்சா வெடிக்குது, ரிப்பேர் பண்ணி மெயின் ஆளுக்கு மாட்டலாமா?

ரூம்டோன்:
வணக்கம் மக்களே. என்கிட்ட ஒரு சாங்கென் காஸ்-11டி லாவ் மைக் (சட்டைல மாட்டுற குட்டி மைக்) இருக்கு, கொஞ்ச நாளா நடிகர் குனிஞ்சா நிமிர்ந்தா படபடன்னு வெடிக்குது, நேரா நின்னா சுத்தமா இருக்கு. சட்டை உரசல் இல்ல, ஏன்னா கழட்டி மேசை மேல வச்சு கேபிள மட்டும் ஆட்டினாலும் அதே சத்தம்தான். டிரான்ஸ்மிட்டர்ல சொருகுற கனெக்டர் லெமோ கம்பெனி 3 பின். எக்ஸ்எல்ஆர் கேபிள் எல்லாம் நானே சோல்டர் பண்ணிக்குவேன், ஆனா இது நூல் கனத்துக்கு இருக்கு, கை வைக்கவே பயமா இருக்கு. நானே வெட்டி ஒட்டலாமா? ஒட்டினா அடுத்த படத்துல ஹீரோவுக்கு அதையே நம்பி மாட்டலாமா? பாதி சீன் வைடு ஷாட், பூம் (கம்புல நீட்டிப் புடிக்கிற மைக்) உள்ள வர வழியே இல்ல, லாவ்தான் கதி.

ஈயப்புகை:
முதல்ல டிரான்ஸ்மிட்டர (நடிகர் உடம்புல மாட்டுற வயர்லெஸ் பெட்டி) மாத்திப் பாருங்க, பல நேரம் மைக் மேல பழி போட்டுட்டு கடைசில டிரான்ஸ்மிட்டர்ல இருக்குற சாக்கெட் லூஸா இருக்கும். அது இல்லன்னா ஹெட்ஃபோன மாட்டிட்டு கெயின ஏத்தி வச்சு கேபிள ரெண்டு விரலால புடிச்சு ஒரு முனைல இருந்து கொஞ்சம் கொஞ்சமா மடிச்சுக்கிட்டே வாங்க, எந்த இடத்துல வெடிக்குதோ அதுதான் ஸ்பாட். பெரும்பாலும் கனெக்டர் கழுத்து, இல்லன்னா கேப்ஸ்யூல் (மைக் தலை) கழுத்து. கேபிள கையால தொட்டதும் ஹம் கூடுச்சுன்னா ஷீல்டு (கம்பிய சுத்தி இருக்குற உலோக உறை) போயிடுச்சுன்னு அர்த்தம், சத்தமே விட்டு விட்டு வந்தா உள்ள இருக்குற கம்பி.

கனெக்டர் பக்கம்னா தைரியமா பண்ணுங்க. 3, 4 செ.மீ. வெட்டித் தள்ளுனாலும் கேபிள் நீளம் தாராளமா மிச்சம் இருக்கும். வெட்டுறதுக்கு முன்னாடி எந்தக் கலர் எந்தப் பின்னுக்குப் போகுதுன்னு ஃபோட்டோ எடுத்துக்கோங்க, லெமோ 3 பின்னுன்னு சொன்னாலும் எல்லா கம்பெனி டிரான்ஸ்மிட்டருக்கும் ஒரே வயரிங் கிடையாது. பூட் (கனெக்டர் பின்னாடி வர்ற ரப்பர் உறை), ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்குற குழாய்) எல்லாத்தையும் முதல்லயே கேபிள்ல கோத்துடுங்க, இத மறந்துட்டு ரெண்டாவது தடவ சோல்டர் பண்ணாத ஆளே இந்தத் தொழில்ல இல்ல 😄. சில லாவ் கேபிள்ல கம்பி மேல எனாமல் கோட்டிங் இருக்கும், ஈயம் ஒட்டாம உருண்டு ஓடும், அப்ப அயர்ன் நுனில ஒரு சொட்டு ஈயத்த உருக்கி அதுக்குள்ள கம்பிய முக்கி கோட்டிங்க எரிச்சு எடுக்கணும். கேபிள் உள்ள நார் மாதிரி இழை இருந்தா வெட்டி எறிஞ்சிடாதீங்க, இழுவைய தாங்குறதே அதுதான், கிளாம்புக்கு அடியில சேர்த்து இறுக்குங்க. சூடு பட்டும் படாமலும் இருக்கணும், ரெண்டு செகண்டுக்கு மேல வச்சா இன்சுலேஷன் சுருங்கி உள்ளயே ஷார்ட் ஆயிடும்.

கேப்ஸ்யூல் பக்கம்னா தொடாதீங்க. அது எலெக்ட்ரெட், சூடு ஏறினா உள்ள தேங்கி இருக்குற சார்ஜே போயிடும், அப்புறம் வயர் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல. கம்பெனி சர்வீஸ்தான்.

பூம்கம்பன்:
ஈயப்புகை அண்ணன் சொன்ன ரிப்பேர் எல்லாம் கரெக்ட். ஆனா ரெண்டாவது கேள்விக்கு என் பதில், வேணாம். ஒட்டின மைக்க ஹீரோவுக்கு மாட்டாதீங்க, நல்ல டேக்லதான் அது வேலைய காட்டும். 32 பிட் ஃப்ளோட்ல ரெக்கார்ட் பண்றோமேன்னு தெம்பா இருப்பாங்க சில பேரு, அது லெவல் ஏறினாலோ இறங்கினாலோ காப்பாத்தும், அறுந்த கம்பிய காப்பாத்தாது. அப்புறமா டி-கிளிக் (வெடிப்ப நீக்குற சாஃப்ட்வேர்) போட்டாலும் வெடிப்பு வசனத்து மேலயே உக்காந்திருந்தா வார்த்தையும் சேர்ந்து கடிபடும்.

அத பிளான்ட் மைக்கா (செட்ல ஒளிச்சு வைக்கிற மைக்) வச்சுக்கோங்க. கார் சன்வைசர்ல, மேசைல பூச்சாடிக்குப் பின்னாடி, கேபிள் அசையாத இடத்துல வருஷக்கணக்கா ஓடும். வைடு ஷாட்டுக்கு இன்னொண்ணு சொல்றேன், லாவ் பெரும்பாலும் ஓம்னிதான் (எல்லாப் பக்கச் சத்தமும் வாங்கும்), பக்கத்துல நிக்கிற ஆளோட லாவ்லயும் ஹீரோ குரல் விழும், அதனால ஒவ்வொரு ஆளையும் தனித்தனி டிராக்ல ஐசோ எடுத்து வச்சா ஆபத்துக்கு அதுவே கை கொடுக்கும். ஷாட் முடிஞ்சதும் அதே இடத்துலயே பூம்ல ஒருக்கா வைல்டா (கேமரா ஓடாம, சத்தம் மட்டும்) வசனத்த வாங்கிடுங்க, அசிஸ்டன்ட் டைரக்டர் முறைச்சாலும் பரவால்ல.

ஈயப்புகை:
பூம்கம்பன், இதுல ஒத்துக்க மாட்டேன். பெட்டிய பிரிச்ச அன்னிக்கே செத்த புது மைக்கையும் பாத்திருக்கோம். ஒட்டினதா புதுசாங்கிறது இல்ல, ஸ்ட்ரெயின் ரிலீஃப் (இழுவைய தாங்குற பிடிப்பு) ஒழுங்கா இருக்கா, ஆள் ஓடும்போது இழுபடாம கேபிள்ல ஒரு லூப் விட்டு டேப் போட்டிருக்கா, ராத்திரி டிரான்ஸ்மிட்டர சுத்தி இறுக்கிச் சுத்தாம தளர்வா சுருட்டி வைக்கிறாங்களா, இதுதான் விஷயம். ஒட்டினத ஒரு வாரம் சின்ன கேரக்டருக்கு மாட்டி ஓட்டுங்க, தாக்குப் புடிச்சா யாருக்கு வேணாலும் மாட்டலாம். பைல ஒரு ஸ்பேர் எப்பவும் இருக்கணும், அது புதுசு மாட்டினாலும் இருக்கணும்.

பூம்கம்பன்:
ஸ்பேர் இருந்தா நான் அந்த ஸ்பேரையே ஹீரோவுக்கு மாட்டுவேன் 😀

காதுமட்டும்:
ரூம்டோன் கேஸ் கேபிள்தான், சந்தேகமே இல்ல. பின்னாடி படிக்கிறவங்களுக்காக சொல்றேன், மைக் போயிடுச்சுன்னு வர்றதுல நிறைய வேர்வை கேஸ். அதுல வெடிப்பு வரணும்னு இல்ல, ஹை ஃப்ரீக்வென்சி மங்கி போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆகும், இல்ல சரசரன்னு நாய்ஸ் வரும். கிரில்ல மேக்கப் பவுடர் அடைச்சாலும் இதேதான். கழட்டி சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடின டப்பாவுல ராத்திரி பூரா போட்டு வைங்க, ஹேர் டிரையர் காட்டாதீங்க. கேபிள் வழியா வேர்வை இறங்கி கேப்ஸ்யூலுக்குள்ள போகாம இருக்க, மைக்குக்கு முன்னாடி கேபிள ஒரு வளைவு கீழ தொங்க விட்டு ஏத்துங்க, சொட்டு அங்கயே நின்னுடும். ஆனா நெஞ்சுல மாட்டினா இயல்பாவே 800 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கலா, 3, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கம்மியாத்தான் இருக்கும், அத ரிப்பேர்னு நெனச்சு கழட்டிடாதீங்க.

ரூம்டோன்:
எல்லாருக்கும் நன்றி. கனெக்டர் கழுத்துலதான், கை வச்சா ஹம் வேற வருது, ஆக ஷீல்டு. வெட்டிட்டேன், மூணு கம்பியும் ஒட்டிட்டேன், ஆட்டிப் பாத்தா சத்தம் இல்ல. ஒரு சிக்கல், பழைய லெமோ உடைஞ்சு போனதால வேற ஒண்ணு போட்டேன், கிளாம்ப் கேபிள புடிக்கவே மாட்டேங்குது, இழுத்தா நழுவுது.

ஈயப்புகை:
காலெட் (கனெக்டருக்குள்ள கேபிள கவ்வுற வளையம்) சைஸ் தப்பு. லெமோல கேபிள் விட்டத்துக்கு ஏத்த மாதிரி காலெட் வேற வேற வரும், நீங்க வாங்கினது தடிமன் கேபிளுக்கு உள்ளது. ஹீட் ஷ்ரிங்க் ரெண்டு அடுக்கு போட்டு தடிமனாக்கலாம், நாளைக்கே ஷூட்னா அப்படி ஓட்டுங்க. இல்லன்னா கேலிப்பர்ல கேபிள அளந்து அந்த அளவு சொல்லி காலெட் மட்டும் தனியா வாங்குங்க, கனெக்டர் பூரா வாங்க வேணாம்.