நக அலங்காரப் பயிற்சியும் காப்புறுதியும்: எதை முதலில் விசாரிப்பது?

செங்காங் வாசகி

வணக்கம். நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி. அலுவலக வேலையை விட்டுவிட்டு, எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலேயே ஜெல் பூச்சு, அக்ரிலிக் நீட்டிப்பு ஆகிய சேவைகளைத் தொடங்க எண்ணியுள்ளேன். தீபாவளிக்கும் திருமணங்களுக்கும் என்னிடம் மருதாணி இட்டுக்கொள்ள வருவோரே நக அலங்காரமும் செய்வீர்களா என்று கேட்கிறார்கள். ஒரு பயிற்சி நிலையம் இரண்டே நாளில் சான்றிதழும் கருவிப் பெட்டியும் தருவதாகச் சொல்கிறது. மற்றொன்றில் பயிற்சி பல வாரங்கள் நீடிக்கும். கட்டணமும் மிக அதிகம். முடிவில் வெளிநாட்டுத் தேர்வு வாரியம் ஒன்றின் சான்றிதழ் கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது, காப்புறுதியை எப்போது எடுப்பது என்று அனுபவமுள்ளோர் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஜூரோங் நகக் கலைஞர்

சகோதரி, பயிற்சி நிலையத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே காப்புறுதி முகவரிடம் பேசிவிடுங்கள். வரிசை தலைகீழாகத் தோன்றலாம். ஆனால், எந்தச் சான்றிதழை ஏற்போம், எந்தெந்தச் சேவைக்குப் பாதுகாப்பு தருவோம் என்று முடிவு செய்வது காப்புறுதி நிறுவனம்தான். சுவரில் மாட்டும் சான்றிதழ்ச் சட்டகம் அன்று.

பொதுப் பொறுப்புக் காப்புறுதி என்பது வாடிக்கையாளர் உங்கள் வீட்டுத் தரையில் வழுக்கி விழுந்தாலோ, அவருடைய கைப்பேசியில் நீங்கள் அசிட்டோனைக் கொட்டிவிட்டாலோ உதவக்கூடியது. நீங்கள் செய்த வேலையினாலேயே நகமோ தோலோ பாதிக்கப்பட்டால் அதற்குச் சிகிச்சைப் பொறுப்புப் பாதுகாப்பு வேண்டும். பல ஒப்பந்தங்களில் அது தனியாகக் கேட்டுச் சேர்க்கவேண்டியதாக இருக்கிறது. எனவே ஜெல், அக்ரிலிக், மின்அரம் (நகத்தைத் தேய்க்கும் மின்கருவி), பாதப் பராமரிப்பு என நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சான்றிதழில் "நக அலங்காரம்" என்று பொதுவாக மட்டும் இருந்து, கோரிக்கையோ மின்அரத்தால் நகப்படுகையில் ஏற்பட்ட காயத்தைப் பற்றியதாக இருந்தால், வாதம் அங்கேதான் தொடங்கும். பாதிப்பு நிகழ்ந்த நாளில் ஒப்பந்தம் நடப்பில் இருந்தாலே போதுமா, கோரிக்கை வந்து சேரும் நாளிலும் இருக்கவேண்டுமா என்பதையும் கேளுங்கள். ஒவ்வாமை பெரும்பாலும் தாமதமாகத்தான் தலைகாட்டும் என்பதால் இந்தக் கேள்வி நம் தொழிலுக்கு மிக முக்கியம்.

வீவக தீக்காப்புறுதி இருக்கிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். அது கழகம் கட்டிக்கொடுத்த உட்கட்டமைப்புக்கு மட்டுமே உரியது. உங்கள் மேசை, விளக்கு, தூசு உறிஞ்சி எதுவும் அதில் சேராது.

பிடோக் பயிற்றுநர்

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் நாள்கணக்கை மட்டும் வைத்து ஒரு வகுப்பை ஒதுக்கவோ போற்றவோ மாட்டேன். பல வாரம் வடிவமைப்பிலேயே கழித்துவிட்டு, வேதிப்பொருள்களைப் பற்றி அரை மணி நேரம்கூடப் பேசாத வகுப்புகளும் உண்டு.

ஒரு வகுப்பில் சற்று நேரம் அமர்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பயிற்றுநர் ஜெல்லைத் தோலில் படாமல், நகவிளிம்புக்கும் தூரிகைக்கும் இடையே மயிரிழை இடைவெளி விட்டு இழுக்கிறாரா? தோலில் பட்ட துளியை, ஜெல்லை இறுகவைக்கும் விளக்கில் கையை வைக்கும் முன்பே துடைக்கிறாரா? விளக்கும் ஜெல்லும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று சோதிக்கிறாரா? சரியாக இறுகாத ஜெல்லில் எஞ்சும் ஹெமா (HEMA) போன்ற மெத்தக்ரிலேட் வேதிப்பொருள்கள்தான் ஒவ்வாமைக்கு முதற்காரணம்; ஒருமுறை உடல் அதற்கு எதிர்வினை காட்டத் தொடங்கிவிட்டால் அது பொதுவாக வாழ்நாள் முழுதும் நீடிக்கும். பின்னாளில் பல் அடைப்புப் பொருளும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஏனெனில் அதிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உள்ளன. வாடிக்கையாளரைவிட நாள்தோறும் கையாளும் நமக்கே ஆபத்து அதிகம். மெல்லிய கையுறையை மெத்தக்ரிலேட் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும் என்பதையும் வகுப்பில் சொல்லித்தர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் ஹெமா கலந்த நகப் பொருள்களைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டுமென வரையறுத்தது; 2025 செப்டம்பர் 1 முதல் ஜெல் விளக்கொளியில் இறுக உதவும் டிபிஓ (TPO) என்னும் பொருளைத் தடைசெய்தது. இவற்றைப் பயிற்றுநரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தடுமாறுபவரிடம் பணம் கட்டாதீர்கள். இணையத்தில் வாங்கும் மலிவுப் புட்டிகளில் பொருள்பட்டியலே இருப்பதில்லை. இங்கு விற்கப்படும் ஒப்பனைப் பொருள்களைச் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு முன்னதாகவே அறிவிக்கவேண்டும் என்பது விதி.

தோபாயோ கணக்காளர்

பணப்பக்கம் மட்டும் சொல்கிறேன். பயிற்சிக்கென அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை குடிமக்களுக்கே உரியது. ஆனால் அரசு நிதியாதரவு பெற்ற டபிள்யூஎஸ்கியூ (ஊழியர் திறன் தகுதி) வகுப்புகளில் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணக் கழிவு உண்டு. மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வகுப்பின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு நிலையத்தின் சொல்லை நம்புங்கள்.

வீட்டில் தொழில் செய்ய வீவக அனுமதி கேட்கவேண்டியதில்லை. ஆனால் வீட்டில் குடியிருப்பவர்களே வேலை செய்யவேண்டும்; வெளியே பெயர்ப்பலகை வைக்கக்கூடாது; அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக்கூடாது. அடையாள அட்டையிலுள்ள முழுப்பெயரிலேயே நடத்தினால் அக்ரா (வணிகப் பதிவு ஆணையம்) பதிவு வேண்டாம். "மயில் நகங்கள்" என்பதுபோல் ஒரு பெயர் வைத்தால் பதிவு கட்டாயம். நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) பங்களிப்பும் உண்டு.

இன்னொன்று: பின்னாளில் நிலையம் ஒன்றில் தரகு அடிப்படையில் சுயதொழில் செய்பவராகச் சேர்ந்தால், வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் உங்களைப் பாதுகாக்காது. தனிநபர் விபத்துக் காப்புறுதியை நீங்களே எடுக்கவேண்டும்.

செங்காங் வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. முகவரிடம் பேசிவிட்டேன். அவர் பயிற்சித் திட்டத்தின் பாடப்பட்டியலை அனுப்பச் சொன்னார்; இரண்டு நாள் நிலையத்திடம் அப்படியொரு பட்டியலே இல்லையாம். பாதப் பராமரிப்புக்கு நீரிழிவு உள்ளவர்கள் வந்தால் ஏற்கலாமா என்று முகவர் கேட்டதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிடோக் பயிற்றுநர்

முதல் சந்திப்பிலேயே உடல்நலப் படிவம் நிரப்பச் சொல்லுங்கள். நீரிழிவு, இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மருந்து, முந்தைய ஒவ்வாமை ஆகியவை அதில் கட்டாயம் இருக்கட்டும். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சிறு கீறலும் புண்ணாகிவிடலாம். எனவே அவர்களுக்கு நகவிளிம்புத் தோலை வெட்டாமல், மின்அரத்தையும் தொடாமல், வெறும் பூச்சோடு நிறுத்துங்கள். புண்ணோ நிறமாற்றமோ தெரிந்தால் பாலிகிளினிக்குக்கு அனுப்புங்கள். கையொப்பமிட்ட படிவங்களைத் தேதிவாரியாகப் பாதுகாத்து வையுங்கள். கோரிக்கை என்று ஒன்று வந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அவற்றைத்தான்.