பழைய பொறிகளுக்கு வேடிக்கைப் பெயர் சூட்டும் போட்டி: யோசனை தேவை

ஐந்தாங்கட்டை வாசகி:
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டம், வரும் பள்ளி விடுமுறையில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக ஒரு போட்டி நடத்த எண்ணியுள்ளது. ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு மூடப்பட்ட ரப்பர்ப் பால் ஸ்டோரிலிருந்து பெரியவர்கள் எடுத்து வைத்திருந்த சாமான்களை மேசையில் வைத்து, அவை இன்னவை என்று சொல்லாமல், ஒவ்வொன்றுக்கும் வேடிக்கையான பெயரும் பயனும் கற்பனை செய்யச் சொல்லப் போகிறோம். கைப்பிடியும் இரண்டு உருளைகளும் கொண்ட ஒரு பொறி, நீண்ட கழுத்தும் குண்டு வயிறும் உடைய ஒரு மிதவை, நுனி மடங்கிய ஒரு கத்தி ஆகியவை இப்போதைக்குக் கையில் உள்ளன. முன்னோட்டமாகச் சில பிள்ளைகளைக் கேட்டபோது, "மாயக்கருவி", "கால இயந்திரம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர்களுக்கு எப்படி வழிகாட்டுவது? உண்மைப் பயனை எப்போது சொல்வது?

சங்கொலி:
நல்ல முயற்சி, தங்கச்சி. "மாயக்கருவி" என்ற பெயர் எந்தச் சாமானுக்கும் பொருந்தும். அதனால்தான் அது சிரிப்பூட்டவில்லை. இந்தத் திருகு எதற்கு, உருளையில் வரி எதற்கு, கைப்பிடி ஏன் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது என்று உறுப்பு உறுப்பாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் முகம் மாறாமல் காரணம் சொல்லும்படி செய்யுங்கள்.

உங்கள் உருளைப் பொறியையே எடுத்துக்கொள்வோம். அதற்கு "தோசை வாய்க்கால் வெட்டி" என்று பெயர் வைக்கலாம். சட்டினி ஓரிடத்தில் தேங்கிவிடாமல் தோசையின் எல்லா மூலைக்கும் பாய்வதற்காக உருளையில் வரி போட்டிருக்கிறார்கள். மேலிருக்கும் திருகைத் தளர்த்தினால் சம்பந்தி வீட்டாருக்குத் தடித்த தோசை வரும், இறுக்கினால் கடன் கேட்க வந்தவருக்கு மெல்லிய தோசை வரும். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் இருப்பதற்குக் காரணம், மறுகையில் கரண்டி இருக்க வேண்டும் என்பது. எந்த உறுப்பும் விடுபடவில்லை, பாருங்கள்.

உண்மைப் பயனும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. அமிலம் சேர்த்து உறைய வைத்த ரப்பர்ப் பாலை வழவழப்பான உருளைகளில் கொடுத்து நீரைப் பிழிந்து தட்டையான தாளாக்கிய பின், வரியுள்ள உருளையில் விடுவார்கள். வரி விழுந்தால் தாளின் பரப்பு கூடும். அதனால் புகைக்கொட்டகையில் விரைவாகக் காயும், அடுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாது. திருகின் வேலை, உருளைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது.

கரும்பலகை:
சங்கொலி அண்ணன் சொன்ன முறையை நானும் ஆதரிக்கிறேன். போட்டிக்கு முன் ரோமானியர் காலத்துப் பன்னிரண்டு முகப் பொருளின் படத்தைக் காட்டுங்கள். உள்ளே கூடான அந்த உலோகப் பொருளில், முகத்துக்கு முகம் அளவு மாறும் வட்டத் துளைகளும், இருபது மூலைகளிலும் குமிழ்களும் உள்ளன. ஐரோப்பாவில் 100-க்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளபோதிலும், அக்காலத்து நூல் எதிலும் அதைப் பற்றிய குறிப்பு இல்லை. மெழுகுவத்தித் தாங்கி, தூரம் அளக்கும் கருவி, கையுறை பின்னும் சட்டம் என அறிஞர்கள் பலவாறாக ஊகித்திருக்கிறார்கள். பெரியவர்களே இன்றும் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால், பிள்ளைகளின் கூச்சம் போய்விடும்.

நீங்கள் சொல்லும் மிதவை மெட்ரோலாக்காகத்தான் இருக்க வேண்டும். அதற்கு என் பெயர் "விருந்துச் சாம்பார் வாய்மைமானி". பந்தி நீள நீள எத்தனை குவளைத் தண்ணீர் ஊற்றப்பட்டது என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும். உண்மையிலும் அது பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்க்கும் கருவியே. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகையால் பால் கெட்டியாக இருந்தால் மிதவை ஆழமாக அமிழும், தண்ணீர் கலந்திருந்தால் மேலே எழும். ஒரு வாளிப் பாலையும் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்துச் செய்தே காட்டலாம். பால் கிடைப்பதுதான் இப்போது சிரமம்.

ஆற்றங்கரை:
உருளைப் பொறியைப் பிள்ளைகள் சுழற்றிப் பார்க்க விடாதீர்கள், விரலை இழுத்துவிடும். கைப்பிடியைக் கழற்றி அருகில் வையுங்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அந்தக் கத்தியின் நுனிக்குத் தக்கை மாட்டிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். இந்தச் சாமான்களோடு வாழ்நாளைக் கழித்த பாட்டிகளும் தாத்தாக்களும் அவையில் இருப்பார்கள். பெயர் பொருளைக் கேலி செய்யலாம், வேலை செய்தவரைச் செய்யக்கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். உண்மைப் பயனை எல்லாப் பெயர்களும் வாசிக்கப்பட்ட பிறகு, அறிவிப்பாளர் சொல்லாமல், அவர்களே வந்து கையில் எடுத்துக் காட்டட்டும்.

ஐந்தாங்கட்டை வாசகி:
மூவருக்கும் மிக்க நன்றி. விடைத்தாளில் பொருளின் படத்தை அச்சிட்டு, உறுப்புக்கு ஒரு கோடு இழுத்து, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் காரணம் எழுத இடம் விடப் போகிறோம். கோடு காலியாக இருந்தால் மதிப்பெண் குறையும். கத்திக்கு இன்னும் மாதிரி விடை இல்லை. நுனி ஏன் மடங்கியிருக்கிறது என்பதற்குத் தக்க பொய் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

சங்கொலி:
"பலாச்சுளை தூதுவன்". பழத்தைப் பிளக்காமலே உள்ளே நுழைந்து, பழுத்த சுளையை மட்டும் கொக்கி போட்டு அழைத்து வரும்.