முதுகெலும்பில் விரிசல்: தம்பி மறுபடி வேகமாகப் பந்து வீச வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. 17 வயதுத் தம்பி எங்கள் மாவட்ட அணியின் வேகப்பந்து வீச்சாளன். கீழ்முதுகு வலி விடாததால் ஸ்கேன் எடுத்தோம், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (திரும்பத் திரும்பப் பளு விழுந்து எலும்பில் வரும் விரிசல்) என்கிறார்கள். கிரிக்கெட்டையே விட்டுவிடட்டும் என்கிறார் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973 மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் இதே இடத்தில்தான் எலும்பு முறிந்தது. உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு, அப்புறம் மாதக்கணக்கில் உடற்பயிற்சி, பந்துவீசும் முறையிலும் மாற்றம். இங்கிலாந்துக்கு எதிரான 1974-75 ஆஷஸ் டெஸ்ட் தொடரில் திரும்பி வந்தார். 1984-ல் ஓய்வு பெறும்போது 355 டெஸ்ட் விக்கெட், அன்றைய உலக சாதனை. 1987-ல் சென்னையில் தொடங்கிய எம்ஆர்எஃப் பேஸ் பவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

தம்பி பந்தை விடும்போது இடுப்பு ஒரு பக்கமும் தோள் வேறு பக்கமும் திரும்புகின்றன. முதுகுக்கு இது ஆபத்து என்று படித்தேன். சரி, இதைத் திருத்தித்தர யாரிடம் போகலாம்? மதுரை, திருச்சிப் பக்கம் வேகப்பந்து வீச்சாளர்களைப் பார்த்துப் பழகிய பிசியோ யாராவது இருக்கிறார்களா? இந்தக் காயத்திலிருந்து மீண்டவர்கள், எத்தனை மாதம் கழித்துப் பந்தைத் தொட்டீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை ஓவரில் ஆரம்பித்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி. அப்பாவிடம் காட்ட வேண்டும்.