வங்கிக்கு நான்கு நாள், வீட்டுக்கடன் வாங்கியவருக்கு எத்தனை ஆண்டு? இரு கட்சிகளின் மீதும் நம்பிக்கை போன பின் வாக்களிப்பது எதற்கு?

கேள்வி: நியூ ஜெர்சி வாசி

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிறகு ஜனநாயகக் கட்சிக்கும் வாக்களித்திருக்கிறேன், குடியரசுக் கட்சிக்கும் வாக்களித்திருக்கிறேன். இன்று இரண்டின் மீதும் ஆழ்ந்த மனக்கசப்பே மிஞ்சியிருக்கிறது. 2008 செப்டம்பர் 29 அன்று, வங்கிகளுக்கு 70,000 கோடி டாலர் மீட்பு நிதி வழங்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை தோற்கடித்தது. பங்குச் சந்தை சரிந்ததும் நான்கே நாளில் அதே சபை அதை நிறைவேற்றிக் கொடுக்க, அன்றே அதிபர் புஷ் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு அதிபர் பதவிக்கு எதிரெதிராக நின்ற ஒபாமாவும் மெக்கெய்னும் செனட்டில் அதை ஆதரித்தே வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தவித்தவர்களுக்காக ஒரு திட்டம் வந்தபோது, 30 முதல் 40 லட்சம் குடும்பங்களைக் காப்போம் என்றார்கள். அந்த எண்ணிக்கையை அவர்கள் நெருங்கவே இல்லை. பிறகு 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 விழுக்காட்டைத் தொட்டது. பழியை ஒருவர் மீது ஒருவர் போட்டுக்கொள்கிறார்களே தவிர, கடையில் நாம் கொடுக்கும் விலை இறங்கவில்லை. இந்த நிலையில் வாக்களிக்காமல் இருந்துவிடுவது தவறா?

பதில் 1: கணக்காளர், சிகாகோ

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வங்கிகளுக்குக் கொடுத்த பணம் போயே போயிற்று என்று எண்ணினால் கோபம் தவறான இடத்தில் போய் விழும். வங்கிகள் பெற்ற தொகை ஆதாயத்தோடு அரசுக்குத் திரும்பி வந்தது. இழப்பு பெரும்பாலும் கார் நிறுவனங்களுக்கும் வீட்டுக்கடன் உதவிக்கும் கொடுத்த பகுதியில்தான் ஏற்பட்டது. என்னை வருத்துவது, போதிய நிபந்தனை இல்லாமல் அந்தப் பணம் கொடுக்கப்பட்ட முறை. ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தின் ஏறத்தாழ 80 விழுக்காடு பங்கு அரசின் கையில் இருந்தபோதே, 2009 மார்ச்சில் அதன் ஊழியர்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் போனது.

அதன் பிறகு 2010இல் கடுமையான வங்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள். எட்டே ஆண்டில், கடும் கண்காணிப்புக்கு உட்படும் வங்கியின் சொத்து வரம்பை 5,000 கோடி டாலரிலிருந்து 25,000 கோடி டாலராக உயர்த்தினார்கள். கையெழுத்திட்டவர் டிரம்ப்; செனட்டில் ஜனநாயகக் கட்சியினர் பலரும் சேர்ந்தே வாக்களித்தார்கள். 2023 மார்ச்சில் கவிழ்ந்த சிலிக்கான் வேலி வங்கி அந்தப் புதிய வரம்புக்குக் கீழே இருந்த வங்கிதான்.

கேள்வி கேட்டவர்

பணம் திரும்பி வந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஏலத்தில் போன வீடு அந்தக் குடும்பத்துக்குத் திரும்பி வரவில்லையே. வங்கிக்கு மூச்சு விட அவகாசம் கொடுத்த அரசு, அதே அவகாசத்தை வீட்டுக்கடன் வாங்கியவருக்கும் கொடுத்திருந்தால் நான் இவ்வளவு கசந்து எழுதியிருக்க மாட்டேன்.

பதில் 2: வரிப் படிவம் தயாரிப்பவர், டல்லஸ்

மீட்பு நிதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சத்தமே இல்லாமல் ஏறும் வரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வருமான வரியின் படிநிலைகள் ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்படுகின்றன. ஆனால் சில வரம்புகளை அப்படியே உறைய விட்டுவிட்டார்கள். ஓய்வுபெற்றவர் பெறும் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு வரி தொடங்கும் வருமான வரம்பு, தனி நபருக்கு 25,000 டாலர், தம்பதிக்கு 32,000 டாலர் என்று 1983இல் வைக்கப்பட்டது. இன்றும் அதே எண்தான். குடியிருந்த வீட்டை விற்கும்போது தனி நபருக்கு 2,50,000 டாலர், தம்பதிக்கு 5,00,000 டாலர் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை என்ற விதி 1997இல் வந்தது. வீட்டு விலை எங்கோ போய்விட்டது, விதி நகரவில்லை. அன்று முதல் இன்று வரை இரு கட்சிகளும் மாறி மாறி ஆண்டிருக்கின்றன.

இதற்கு நேர்மாறாக, 2017 சட்டத்தில் நிறுவன வரியை 35 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாகக் குறைத்தபோது அதற்குக் காலக்கெடு வைக்கவில்லை; தனி நபர்களுக்கான குறைப்புக்கோ 2025 முடிவு வரை என்று கெடு வைத்தார்கள். முதலீட்டு நிதியங்களை நடத்துவோர் தங்கள் ஊதியத்தை மூலதன ஆதாயமாகக் காட்டிக் குறைந்த வரி கட்டும் சலுகையை ஒழிப்பேன் என்று 2016 தேர்தலில் டிரம்ப் சொன்னார். 2017இல் அதன் விதியைச் சற்று இறுக்கியதோடு சரி. 2022இல் ஜனநாயகக் கட்சியினர் அதைக் குறைக்கும் பிரிவை மசோதாவில் எழுதினார்கள். தங்கள் தரப்பின் ஒரு செனட்டருடைய வாக்கைப் பெறுவதற்காக அதை நீக்கிவிட்டார்கள். இரு கட்சிகளும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். இந்த இடத்தில் மட்டும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

பதில் 3: எச்1பி விசாவில் இருப்பவர்

ஐயா, எனக்கு இங்கே வாக்கு இல்லை. சம்பளத்தில் 6.2 விழுக்காடு சோஷியல் செக்யூரிட்டிக்குப் பிடிக்கப்படுகிறது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இரு நாட்டுப் பணிக்காலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தம் இல்லாததால், பத்தாண்டுக் கணக்கு நிறைவதற்குள் ஊர் திரும்பினால் ஓய்வூதியம் கிடைக்காது. எந்தக் கட்சி ஆண்டபோதும் இது தீரவில்லை. வாக்கு உள்ளவரே வீட்டில் இருந்துவிட்டால் எங்களைப் போன்றவர்களின் குறையை அவர்களிடம் கேட்க யார் இருக்கிறார்கள்?

பதில் 4: நியூ ஜெர்சியிலிருந்து இன்னொருவர்

விலைவாசி குறித்து ஒன்று சொல்ல வேண்டும். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். ஏறிய விலை அப்படியே நிற்கும். அதை மறைத்துப் பேசும் வேட்பாளரை நான் நம்புவதில்லை. காரணமும் ஒரு கட்சியோடு முடிவதில்லை: 2020 மார்ச்சின் பெருந்தொற்று நிவாரணச் சட்டம் செனட்டில் 96க்கு 0 என்று நிறைவேறியது, 2021இல் ஜனநாயகக் கட்சியினர் மேலும் 1.9 லட்சம் கோடி டாலர் சேர்த்தார்கள், சரக்குத் தட்டுப்பாடும் உக்ரைன் போரும் அதோடு சேர்ந்துகொண்டன.

வாக்களிக்காமல் இருக்காதீர்கள். நவம்பரில் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வருவதற்கு முன்பே, அந்த இருவர் யார் என்பது, ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் முடிவாகிவிடுகிறது. அங்கே வாக்களிப்போர் மிகக் குறைவு என்பதால் ஒவ்வொரு வாக்குக்கும் எடை அதிகம். நம் மாநிலத்தில் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர், அன்று வாக்குச்சாவடியிலேயே ஒரு கட்சியைத் தேர்ந்துகொண்டு வாக்களிக்கலாம். டல்லஸ் நண்பர் சொன்ன 1983, 1997 வரம்புகளை விலைவாசியோடு இணைப்பீர்களா என்று வேட்பாளர் கூட்டத்தில் கேளுங்கள். நானும் உடன் வருகிறேன்.