புதுப்பிப்பு: மஞ்சளான மிளகாய்ச் செடி

வீட்டுக்குள் எல்.இ.டி. விளக்கின் கீழ் வளர்க்கும் மிளகாய்ச் செடியின் அடி இலைகள் மஞ்சளாகின்றனவே, உரம் போதவில்லையா என்று மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தேன். உரம் இல்லை, மண்தான் காரணம்.

வேரோடு எடுத்துப் பார்த்தேன். மேலே காய்ந்த மண், அடியில் சேறு. வேர் நுனிகள் பழுப்பாகிக் கொழகொழவென்று இருந்தன. தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பியதால் இறுகிப்போய், வேருக்குக் காற்றே கிடைக்கவில்லை. பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

அழுகிய வேரை வெட்டிவிட்டு, தென்னை நார்க்கழிவு 2 பங்கு, மட்கிய உரம் 1, பெர்லைட் (மண் இறுகாமல் இருக்கச் சேர்க்கும் இலேசான வெள்ளைத் துகள்) 1 கலந்து மாற்றி நட்டேன். அப்புறம், விரலை விட்டுப் பார்த்து மேல்மண் 1 அங்குலம் காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர்.

மஞ்சளான இலைகள் திரும்பப் பச்சையாகவில்லை, உதிர்ந்துவிட்டன. ஆனால் நுனியில் நான்கு புதுத் தளிர்கள், நல்ல பச்சை! மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) பார்க்கச் சொன்னவருக்கு: புதுக் கலவையில் 6.5 காட்டுகிறது.