அன்றாடம் உடன் வைத்துக்கொள்ளும் மடக்குக்கத்திக்கு எவ்வளவு நீளமான அலகு தகும்?

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் வசிப்பதால், பழம் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும் எப்போதும் உடன் வைத்துக்கொள்ளும் மடக்குக்கத்தி, 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தை (சுமார் 7.6 செ.மீ.) தாண்டாததாகவும், விரித்தபின் பூட்டிக்கொள்ளாததாகவும் இருக்க வேண்டும். கைக்கு மிக இணக்கமாக இருந்த, ஒபினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ. நீளம், பூட்டு வளையமும் உண்டு. எனவே அதை ஒதுக்கிவிட்டேன்.

இப்போது, பூட்டில்லாத ஒபினெல் 5ஆம் எண் கத்திக்கும் (அலகு 6 செ.மீ.), மடக்கினால் 58 மி.மீ. மட்டுமே இருக்கும் விக்டோரினாக்ஸ் சிறுகத்திக்கும் இடையே தயங்குகிறேன். பின்னது சாவிக்கொத்திலேயே அடங்கிவிடும் என்றாலும், அந்தச் சிறு கைப்பிடிக்குள் மடங்கும் அவ்வளவு குட்டையான அலகால் ஓர் ஆப்பிளை ஒரே வெட்டில் பிளக்க முடியாது. எனக்கோ அதுதான் அன்றாட வேலை. ஆகவே 6 செ.மீ. பக்கமே மனம் சாய்கிறது.

பூட்டில்லாத கத்தியை நீண்டகாலம் பயன்படுத்தியவர்கள், அழுத்தி அறுக்கும்போது அலகு விரல்மேல் மடங்காதிருக்க எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதையும், 6 செ.மீ. அலகு போதுமானதாக இருக்கிறதா என்பதையும் அருள்கூர்ந்து தெரிவியுங்கள்.