10-47 கம்பி மாட்டியதும் முதல் ஃப்ரெட்டுகளில் இரைச்சல்: சேடிலை உயர்த்தலாமா?

தந்திமீட்டி:
அக்கூஸ்டிக் கிட்டார். 12-53 செட்டைக் (மெல்லிய, தடித்த கம்பிகளோட தடிமன், அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல) கழற்றிட்டு, விரல் வலி குறையட்டும்னு 10-47 மாட்டியிருக்கு. இப்போ 1 முதல் 4 வரை ஃப்ரெட்ல (நெக்ல குறுக்கே பதிச்ச உலோகக் கம்பிங்க) 5ஆம், 6ஆம் கம்பி கிர்ர்னு இரையுது. 7க்கு மேல சுத்தம். சேடிலுக்கு (உடல் பக்கம் கம்பிங்க தாங்கி நிக்கிற பட்டை) அடியில அட்டை வைக்கச் சொல்றாங்க, வைக்கலாமா? இன்னொண்ணு, ட்யூனர்ல திறந்த கம்பியெல்லாம் சரியா நிக்குது, ஆனா C கார்டு (chord) பிடிச்சா 2ஆம் கம்பி ஸ்ருதி ஏறுது. இது முன்னாடியும் இருந்தது.

நெக்கும்_நட்டும்:
அட்டை வேண்டாம் தம்பி. சேடிலை 1 மி.மீ. தூக்கினா 12ஆம் ஃப்ரெட்ல அரை மி.மீ. ஏறும், 1ஆம் ஃப்ரெட்ல 0.06 கூட ஏறாது. இரைச்சல் அப்படியே இருக்கும், மேல வாசிக்கிறதுதான் கஷ்டமாகும்.

செட் மாறினதுல இழுவிசை சுமார் 30 பவுண்ட் குறைஞ்சிருக்கும். ட்ரஸ் ராட் (நெக்குக்குள்ள இருக்கிற, வளைவைச் சரிசெய்யுற இரும்புக் கம்பி) பழைய இழுப்புக்கு முறுக்கினது, அதனால நெக் பின்னால வளைஞ்சிருக்கும். முதல்ல அளந்து பாருங்க: ட்யூன் பண்ணி, 1ஆம் ஃப்ரெட்ல கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு, 6ஆம் கம்பியை 14ஆம் ஃப்ரெட்ல அழுத்துங்க. 7ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல 0.15 முதல் 0.25 மி.மீ. இடைவெளி வேணும். இடைவெளி அளக்கிற தகடான ஃபீலர் கேஜ் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கிடைக்கும்.

இடைவெளியே இல்லைன்னா ட்ரஸ் ராடை இடஞ்சுழியா அரைக்கால் (1/8) சுற்று தளர்த்துங்க. மறுபடி ட்யூன், மறுபடி அளவு. ஆலன் கீ கச்சிதமா உட்காரணும், லூசா இருந்தா ராட் முனையில இருக்கிற திருகு நட்டோட முனை மழுங்கிடும். முழுக்கத் தளர்ந்தும் இடைவெளி வரலைன்னா 11-52க்குப் போயிடுங்க.

எலும்பு_சேடில்:
C கார்டு விஷயம் நட்ல (தலைப் பக்கம் கம்பிங்க பள்ளத்துல உட்காருற பட்டை, ராடோட திருகு நட் இல்லை) இருக்கு. 2ஆம் கம்பியை 3ஆம் ஃப்ரெட்ல அழுத்திட்டு 1ஆம் ஃப்ரெட் மேல பாருங்க. ஒரு தலைமுடி அளவு சந்துதான் இருக்கணும், தட்டினா லேசா டிக்னு கேட்கணும். அதுக்கு மேல இருந்தா பள்ளம் ஆழம் பத்தலை, அழுத்தும்போது கம்பி கூடுதலா இழுபட்டு ஸ்ருதி ஏறுது. கம்பியை விட மிக லேசா அகலமான நட் ஃபைலால (பள்ளம் ராவுற அரம்), தலைப் பக்கம் சரிவா, இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் பாருங்க. ஆழம் மீறினா திறந்த கம்பியே இரையும். ராட் வேலை முடியாம நட்டைத் தொடாதீங்க.

தந்திமீட்டி:
7ஆம் ஃப்ரெட்ல கம்பி ஒட்டித்தான் இருந்தது. இரண்டு தடவை அரைக்கால் சுற்று தளர்த்தினதும் 0.2 வந்தது, 12ஆம் ஃப்ரெட்ல கம்பி உயரம் 2.4 மி.மீ. இரைச்சல் போச்சு. ஆனா 6ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்ல மட்டும் இன்னும் இரையுது.

நெக்கும்_நட்டும்:
2.4 நல்ல அளவு, சேடிலைத் தொட வேண்டாம். ஒரே ஃப்ரெட்ல இரைஞ்சா அடுத்த ஃப்ரெட் தூக்கி நிக்குதுன்னு அர்த்தம். ஏ.டி.எம். கார்டோட நீளப் பக்கத்தை 6ஆம், 5ஆம் கம்பிக்கு நடுவுல, 3, 4, 5 ஃப்ரெட் மேல வையுங்க. அந்த 85 மி.மீ. சரியா மூணையும் தொடும். கார்டு ஆடினா 4ஆம் ஃப்ரெட்தான். அந்த ஃப்ரெட்டோட ஓரத்தைக் கட்டைவிரலால அழுத்துங்க. உள்ளே போய் மறுபடி எழும்பினா பள்ளத்துல உட்காரலை: தண்ணியா இருக்கிற சூப்பர் க்ளூ ஒரு சொட்டு, காயுற வரைக்கும் க்ளாம்ப். சுத்தி ஃப்ரெட்போர்டுல முதல்லயே டேப் ஒட்டிடுங்க. அழுத்தியும் அசையலைன்னா அந்த ஒரு ஃப்ரெட்டை மட்டும் ராவி, மேல் பக்கத்தை மறுபடி உருண்டையாக்கணும், அது கிட்டார் ரிப்பேர் தெரிஞ்சவர் கையில விடுற வேலை.